மழை விழுந்தால் ஆட்டம் இல்லை

அந்தப் பெட்டி தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரருடைய அக்கா அங்கே சமையல். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்களுக்குப் பக்கத்து வீடு. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதி சில மாதம் பங்களாவில் தங்கி, ரப்பர் மரத்துப் பூச்சிகளைப் பிடித்துப் புட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் அடங்காததை எல்லாம் அண்ணியிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு குடை, கொஞ்சம் காலிப் புட்டி, இந்தப் பெட்டி. மேலே காடும் பறவையுமாகப் படம் போட்டிருந்தது. அண்ணி பிஸ்கட் என்று நினைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கோப்பி கலக்கிவிட்டுப் பிரித்தோம். பிஸ்கட் இல்லை.

உள்ளே மடித்த பலகை ஒன்று, சீட்டுக்கட்டு மாதிரி நிறைய அட்டைகள், ஒரு துணிப்பை நிறையச் சின்ன மரக்கட்டைகள். பச்சை, மஞ்சள், பழுப்பு, நீலம். ஒரு சிறிய புத்தகமும் இருந்தது. அதை ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் காட்டினோம். அவர் இங்கிலீஷ் படித்தவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இங்கிலீஷ் இல்ல," என்றார்.

"பின்ன என்னாங்க?" என்றார் அண்ணி.

"வேற ஏதோ வெள்ளைக்காரன் பாஷ."

அவ்வளவுதான் தெரிந்தது. புத்தகத்தை அண்ணி அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொண்டார். நல்ல காகிதம், சீக்கிரம் பிடித்தது என்றார்.

அப்போது எண்பதுகளின் கடைசி. எங்கள் ரப்பர் தோட்டம் பகாவ் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நானும் வீட்டுக்காரரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம். அவருக்கு மாடுகளும் இருந்தன. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

அட்டைகளில் எழுத்து கிடையாது. எல்லாம் படம். அது எங்களுக்குத் தோதாகப் போயிற்று. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மரமோ பூச்சியோ பறவையோ இருந்தது. கீழே இடது பக்கம் சில கட்டைகள் வரைந்திருந்தன. வலது பக்கமும் சில கட்டைகள். இடது பக்கம் நாம் கொடுப்பது, வலது பக்கம் நமக்கு வருவது என்று வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார். மாடு வளர்ப்பவர். ஒரு பக்கம் புல் போனால் ஒரு பக்கம் பால் வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு தடவை காசு கொடுத்த மாதிரி கட்டையைக் கொடுத்து அட்டையை வாங்கி முன்னால் வைத்துவிட்டால், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அது நமக்குக் கட்டை தந்துகொண்டே இருக்கும். அந்தக் கட்டையைக் கொடுத்து இன்னோர் அட்டை வாங்கலாம். அதுவும் தரும். அட்டைக் கட்டு தீர்ந்ததும் ஆட்டம் முடியும். மூலையில் இலை வரைந்திருக்கும். யாரிடம் இலை அதிகமோ அவர் ஜெயித்தவர். இவ்வளவு நாங்களாகவே கண்டுபிடித்தோம். மீதியை மண்டோர் கண்டுபிடித்தார்.

மண்டோர் என்றால் ரப்பர் காட்டில் எங்களை மேய்த்து வேலை வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை பகாவ் பசாருக்குப் போய்வந்து, மத்தியானச் சோறு தின்றுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். தொப்பியைக் கழற்ற மாட்டார். ஆட்டத்துக்கு முன்னால் பெரட்டு எடுப்பார். காலையில் காட்டுக்குப் போகுமுன் ஆள் வந்திருக்கிறதா என்று பேர் கூப்பிட்டுப் பார்ப்பதுதான் பெரட்டு. நாங்கள் நாலு பேர். பாயில் எதிரும் புதிருமாகத்தான் உட்கார்ந்திருப்போம். இருந்தாலும் எடுப்பார். நாங்களும் வந்திருக்கிறோம் என்று சொல்வோம்.

முதல் ஆட்டத்திலேயே மழை அட்டை வந்தது. அண்ணி கட்டிலிருந்து எடுத்துத் திருப்பினார். கறுத்த மேகம். கீழே நீலமாக மூன்று துளி. மண்டோர் கையை உயர்த்தினார்.

"மழ. நிறுத்து."

எல்லாரும் கையை எடுத்துவிட்டோம். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மழை பெய்தால் மரப்பட்டை நனையும். நனைந்த மரத்தை வெட்டினால் பால் மரத்தில் கட்டின மங்குக் கிண்ணத்தில் விழாமல் வழிந்து போகும். அன்றைக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை. ஆகவே மழை அட்டை எடுத்தவருக்கு அந்தச் சுற்று கிடையாது. அட்டையைக் கவிழ்த்துப் பெட்டி மூடிக்குள் போட்டோம். அந்த மூன்று நீலத் துளியை எல்லாரும் பார்த்தோம். மழை என்றால் துளி இருக்கத்தானே செய்யும்.

அடுத்து காளான் அட்டை. மரத்தடியில் தட்டுத் தட்டாகக் காளான். மண்டோர் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"வெள்ள வேர் நோய்," என்றார். "மரம் போச்சு."

ரப்பர் மரத்தடியில் அப்படித் தட்டுக்காளான் வந்தால் வேர் அழுகிவிட்டது என்று அர்த்தம். அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துச் சுற்றிலும் பள்ளம் தோண்டுவார்கள், பக்கத்து மரத்துக்குப் பரவாமல் இருக்க. நாங்களும் அப்படியே செய்தோம். காளான் அட்டை எடுத்தவர் தன் மரம் ஒன்றைக் கழற்ற வேண்டும். கழற்றின இடத்தில் ஒரு கை அகலம் சும்மா விட வேண்டும். அது பள்ளம். அண்ணி ஒரு தடவை அந்த இடத்தில் கோப்பிக் குவளையை வைத்துவிட்டார். மண்டோர் எடுக்கச் சொன்னார்.

மரங்கொத்தியை யாரும் வாங்கவில்லை. பட்டையைக் கெடுக்கிற பறவையைக் காசு கொடுத்து யார் வாங்குவார்? காட்டுப்பன்றி அட்டையை அண்ணி தொடவே மாட்டார். அவருடைய மரவள்ளியைப் பன்றி தோண்டியிருந்தது. பழுப்புக் கட்டையை ஒட்டுப்பால் என்றோம், மங்கில் காய்ந்து கிடக்கிற மிச்சம். எடுத்து ஓரமாகக் குவித்தோம்.

பெரிய மரங்கள் சில இருந்தன. மூலையில் நிறைய இலை. ஆனால் அதற்கு நீலக் கட்டை கேட்டது. நீலக் கட்டை எங்கிருந்து வரும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எந்த மரமும் தரவில்லை.

"அது தொர மரம்," என்றார் மண்டோர். "நமக்கு இல்ல."

ஒதுக்கி வைத்தோம். நீலக் கட்டைகள் பைக்குள்ளேயே கிடந்தன.

இப்படியே பல மாதம் ஆடினோம். ஒரு குறையும் இல்லை. பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் ஜெயித்தார். பச்சைக் கட்டை தருகிற சின்ன மரங்களை வரிசையாக வாங்கி வைப்பார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விரலால் தொட்டுத் தொட்டுக் கட்டை எடுப்பார். தனக்கு விட்ட மர நிரையில் பால் எடுக்கிற மாதிரியே இருக்கும்.

அப்புறம் எங்கள் டிவிஷனில் ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வதந்தி இல்லை. டிராக்டர் வந்து நின்றது. செம்பனையில் குலையை அறுத்துத் தள்ளுவது ஆம்பளை வேலை. பொம்பளைகளுக்கு இரண்டு வேலை. உதிரிப் பழம் பொறுக்குவது, புல் சாக மருந்து அடிப்பது. பொறுக்குவதற்குக் கிழவிகளைப் போட்டார்கள். என் பேரை மருந்துக் கூட்டத்தில் சேர்த்திருப்பதாக மண்டோர் சொன்னார். நல்ல செய்தி சொல்வது மாதிரித்தான் சொன்னார். மருந்துக்கு நாள் சம்பளம் கொஞ்சம் கூட.

என் சொந்த அக்கா பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தாள். முதுகில் தொட்டி. நாள் முழுக்கப் புல்லுக்கு அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அவளுக்கு நகம் கழன்றது. குனிந்தால் மூக்கில் ரத்தம் வரும். டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அவள் சோறு பிசைவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பகாவ் பசாரில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். முன்பு எங்களோடு பால் வெட்டினவள். செனாவாங்கில் கையுறை செய்கிற தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். ஆள் எடுக்கிறார்கள், தங்க இடம் இருக்கிறது, வா என்றாள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"கையுறை எதுல செய்யறாங்க?" என்றார்.

"ரப்பர் பால்லதான்."

"அங்கயும் பால்தானா."

"நாம ரெண்டு பேரும் போயிரலாங்க."

"மாட்ட யாரு பாக்கறது?"

அதோடு முடிந்தது. மறுநாளும் சொன்னேன். மறுநாளும் மாட்டை யார் பார்ப்பது என்றார். இந்த மனுஷன் கத்த மாட்டார், அடிக்க மாட்டார். நகர மாட்டார். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அண்ணி எனக்காகப் பேசிப் பார்த்தார்.

"டேய், அவ சொல்றதக் கேளு லா."

"என்னா கேக்கணும்?"

"உக்காந்து பேசு மொதல்ல."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பாயில் பலகை விரித்திருந்தது. மண்டோர் பெரட்டு எடுக்கக் காத்திருந்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"நீ என்னைய இதுல ஜெயி. அப்பறம் பேசுவோம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்குப் பேசப் பிடிக்காது. நான் அவரை ஜெயித்ததே இல்லை. அதனால் பேச வேண்டி வராது என்று கணக்குப் போட்டிருப்பார். அன்றைக்கு ஆடினோம். தோற்றேன். அடுத்த வாரமும் தோற்றேன். மண்டோர் எழுந்து போகும்போது, "தங்கச்சி, மாசக் கடைசியில தொட்டி குடுப்பாங்க. பூட்ஸு அளவு சொல்லிரு," என்றார்.

அந்த வாரம் ஒரு நாள் விடியற்காலையிலிருந்து மழை. பெரட்டு இல்லை. அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போயிருந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேறு வேலை இல்லை. வெளியே வாய்க்கால் ஓரத்துக் கங்குன் கீரை முதல் நாளைவிட உயரமாக நின்றது. புல் பச்சென்று இருந்தது. மரங்கள் நனைந்து நின்றன. மழை பெய்தால் எங்களுக்குத்தான் வேலை இல்லை. மரத்துக்கு வேலை இருக்கிறது என்று அப்போதுதான் பட்டது.

மூடிக்குள் கிடந்த மழை அட்டைகளை எடுத்தேன். இடது பக்கம் ஒன்றுமில்லை. அப்படியென்றால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். வலது பக்கம் மூன்று துளி. பைக்குள்ளிருந்து நீலக் கட்டையை எடுத்துத் துளிமேல் வைத்தேன். அதே நீலம். காளான் அட்டையையும் எடுத்தேன். இடது பக்கம் பழுப்புக் கட்டை ஒன்று. வலது பக்கம் எல்லா நிறமும். கீழே கிடக்கிற குப்பையைக் கொடுத்தால் கேட்ட நிறத்தை வாங்கிக்கொள்ளலாம்.

காட்டுக்கு நோய் இல்லை அது. ரப்பர் தோட்டத்துக்குத்தான் நோய். படத்தில் இருந்தது தோட்டம் இல்லை. நிரையும் இல்லை, நம்பரும் இல்லை. நாங்கள்தான் மண்டோரோடு உள்ளே போய் உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரட்டு முடிந்ததும் நான் கேட்டேன்.

"மண்டோர்ண்ணே, மழ அட்டைய மூடிக்குள்ள போடாம நானே வச்சுக்கலாமா?"

"எதுக்கு?"

"முன்னால வைக்கறேன். மரம் மாதிரி."

மண்டோர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "மழயில வெட்டப் போறியா? வச்சுக்க லா. நனைஞ்சு நில்லு."

"காளானும்?"

"ஏ புள்ள," என்றார் அண்ணி, "நோய எல்லாம் வாங்கி வீட்டுல வைக்கற."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நீங்க என்னா சொல்றீங்க?"

"எனக்கென்னா," என்றார். சின்ன மரத்தை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

மற்றவர்கள் எடுத்த மழை அட்டையும் என்னிடமே வந்தது. அண்ணி தூக்கிப் போடுவார், நான் எடுத்து வைப்பேன். முதல் சில சுற்று என் பக்கம் ஒன்றும் இல்லை. மேகமும் காளானும்தான். மண்டோர் பக்கத்தில் மரம், வீட்டுக்காரர் பக்கத்தில் பாய் நீளத்துக்கு மரம்.

"என்னா தங்கச்சி, மங்கு கழுவிட்டு உக்காந்திருக்கியா?"

"ஆமாண்ணே."

"சாயங்காலத்துக்குள்ள ஒரு மரமாவது நடு. பேர் கெட்டுரும்."

நான் பழுப்புக் கட்டைகளைச் சேர்த்தேன். ஓரத்தில் குவித்துவைத்த ஒட்டுப்பால் யாருக்கும் வேண்டாம். கேட்டதும் தள்ளிவிட்டார்கள். அண்ணி ஒரு கை நிறைய எடுத்து என் மடியில் போட்டார். ஒவ்வொரு சுற்றிலும் மழை நீலம் தந்தது. காளான் பழுப்பை வாங்கிப் பச்சையும் மஞ்சளும் தந்தது. பையில் கிடந்த நீலக் கட்டைகள் முதல் தடவையாகப் பாய்க்கு வந்தன. அப்புறம் ஒதுக்கி வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு பெரிய மரத்தை எடுத்துக் கட்டையைக் கொடுத்து என் முன்னால் வைத்தேன்.

அண்ணி வெற்றிலை மடிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அது தொர மரம்," என்றார் மண்டோர்.

"நீலக் கட்ட கேட்டுச்சு. குடுத்திட்டேன்."

"நீலம் எங்கருந்து வந்துச்சு?"

"மழயில."

மண்டோர் அட்டையை வாங்கிப் பார்த்தார். துளியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் நீட்டினார். வீட்டுக்காரர் வாங்கவில்லை. தன் வரிசையைத் தொட்டுத் தொட்டுக் கட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் வேகமாக எடுத்தார்.

பெரிய மரம் தருவதும் பெரிது. இரண்டாவது சீக்கிரம் வந்தது. மூன்றாவது அதைவிடச் சீக்கிரம். கட்டைகளை வைக்க இடம் இல்லாமல் அண்ணியின் வெற்றிலைத் தட்டை வாங்கி அதில் போட்டேன். அண்ணி தன் ஆட்டத்தை விட்டுவிட்டு எனக்கு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். மண்டோர் கடைசியில் மரங்கொத்தி ஒன்று வாங்கிப் பார்த்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

கட்டு தீர்ந்தது. இலையை எண்ண வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் மண்டோர் எண்ணினார். எண்ணி முடித்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தங்கச்சிக்கு," என்றார்.

"இது நாம ஆடுற ஆட்டம் இல்ல," என்றார் வீட்டுக்காரர்.

"நீதான எனக்கென்னான்னு சொன்ன," என்றார் அண்ணி.

"சொன்னேன்."

"அப்பறம் என்னா?"

அவர் கட்டைகளைப் பைக்குள் போட்டார். நிறம் பிரித்துப் போட்டார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மண்டோரும் அண்ணியும் எழுந்து போகவில்லை.

"ஜெயிச்சா பேசுவோம்னுதான் சொன்னேன்," என்றார். "போவோம்னு சொல்லல."

"பேசுங்க," என்றேன்.

"நீதான பேசணும்னு இருந்த. பேசு."

நான் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. ஜெயிப்பதைப் பற்றித்தான் யோசித்திருந்தேன். மண்டோர் முன்னால் இருந்தார். அவர்தான் என் பேரைச் சேர்த்தவர். இருந்தாலும் சொன்னேன்.

"நான் மருந்துத் தொட்டி தூக்க மாட்டேன்."

மண்டோர் கூரையைப் பார்த்தார். வீட்டுக்காரர் பையின் கயிற்றை இறுக்கினார்.

"சரி," என்றார். "நீ போ. நான் மாட்டோட இருக்கேன்."

"தனியாவா?" என்றார் அண்ணி.

"மாடு இருக்கே."

நான் கேட்டது இரண்டு பேரும் போவதை. கிடைத்தது பாதி. வாங்கிக்கொண்டேன். மண்டோர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "பூட்ஸு சொல்லாததும் நல்லதாப் போச்சு," என்றார். மறுநாள் பெரட்டில் என் பேரை மருந்துக் கூட்டத்தில் கூப்பிடவில்லை. அதற்கு அவரை ஆபீஸில் ஏசினார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை.

பெட்டியை அண்ணியிடம் விட்டுவிட்டேன். அவரும் மண்டோரும் ஆடினார்கள். மழை விழுந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய மாதிரிதான் அவர்களுக்குச் சரிப்பட்டது.

மாதக் கடைசிக்கு முன்னாலேயே கிளம்பினேன். வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பகாவ் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்பும்வரை நின்றார். கை காட்டவில்லை. நானும் காட்டவில்லை.

செனாவாங்கில் கையுறைகளை அச்சிலிருந்து உருவி அடுக்குவது வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். பெல் அடித்தால் நிறுத்த வேண்டும். தோட்டத்தில் மரம் நிற்கும், நாம் நடப்போம். இங்கே நாம் நிற்போம், அச்சு கை கையாகத் தொங்கிக்கொண்டு வரும். பழகிக்கொண்டேன். லீவு கிடைத்தால் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போவேன். அவருக்குச் சமைத்து வைத்துவிட்டுத் திரும்புவேன். அவர் மாட்டைப் பற்றிச் சொல்வார். நான் கையுறையைப் பற்றிச் சொல்வேன். இரண்டு பேருக்கும் கேட்க ஒன்றும் இருக்காது. கேட்டுக்கொண்டோம்.

லயத்துக்குப் பின்னால் இருந்த காட்டையும் சாய்த்துச் செம்பனைக் கன்று வைத்தார்கள். மாடு கன்றின் குருத்தைத் தின்றது. மாட்டுக்குக் கன்று என்ன, புல் என்ன. வீட்டுக்காரரை ஆபீஸில் கூப்பிட்டு எச்சரித்தார்கள். கட்டிப்போட்டு வளர்த்தார். புல் அறுக்கத் தூரம் போக வேண்டியிருந்தது. புல்லுக்கும் மருந்து அடித்துவிட்டார்கள். எல்லாம் அண்ணி சொல்லித்தான் தெரியும். வீட்டுக்காரர் இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் மத்தியானம் செனாவாங் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்போது நான் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையைத் தனியாக வாடகைக்கு எடுத்திருந்தேன். அவர் கையில் டிரங்குப் பெட்டி.

"மாடு?" என்றேன்.

"வித்தாச்சு."

"நல்லவன்கிட்டயா?"

"வாங்கினவன் மாட்டப் பாத்துச் சிரிக்கல, மொறைக்கல. நல்லவன்தான்."

உள்ளே வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரே அறைதான், சீக்கிரம் பார்த்துவிட்டார். குழாயைத் திறந்தார், மூடினார்.

"எங்க படுக்கறது?"

ஃபேனுக்கு நேரே இருந்த இடத்தைக் காட்டினேன். பெட்டியை அங்கே வைத்தார். சோறு போட்டேன். தின்றார்.

"காலையில எத்தன மணிக்கு எழுந்திரிக்கணும்?" என்றார்.

"எனக்கு இந்த வாரம் ராத்திரி ஷிப்டு. எழுந்திரிக்க வேணாம்."

"அப்ப காலையில நான் என்னா பண்றது?"

"தூங்குங்க."

படுத்தார். நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தொழிற்சாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தும்போது கேட்டார்.

"அங்க ஜாகாவுக்கு ஆள் எடுக்கறாங்களா?"

காவலுக்கு ஆள் எடுப்பதைத் தொழிற்சாலை கேட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். பார்த்திருந்தேன்.

"எடுக்கறாங்க," என்றேன்.